வாத்தியாரு சொன்னது தப்புன்னா என்ன?

கிரேக்க தத்துவம்னு ஆரம்பிச்சாலே எல்லாரும் நேரா சாக்ரடீஸ், கி.மு. 399, விஷக்கோப்பைன்னு போயிடுறாங்க. எனக்கென்னமோ அதுக்கும் ஒரு நூத்தம்பது வருஷம் முன்னாடி மிலேட்டஸ்ல நடந்ததுதான் பெரிய விஷயமா தோணுது. இன்னைக்கு துருக்கியில இருக்கு அந்த இடம், அப்போ நல்ல துறைமுகப் பட்டணம்.

அங்க தேல்ஸ்னு ஒருத்தர். எல்லாத்துக்கும் மூலம் தண்ணிதான், பூமியே தண்ணி மேல கட்டை மாதிரி மிதக்குதுன்னார். பூகம்பம் வந்தா கடல் சாமிக்குக் கோவம்னு நம்புன ஜனங்ககிட்ட, இல்லப்பா கீழ தண்ணி ஆடுது அதான் தரையும் ஆடுதுன்னு சொன்னாராம். தப்புதான், ஆனா சாமிய இழுக்காம காரணம் சொல்லியிருக்கார் பாருங்க.

அடுத்து அவரோட சிஷ்யர்னு சொல்லப்படுற அனாக்ஸிமாந்தர் வர்றார். பூமிய எதுவுமே தாங்கலன்னுட்டார்! நட்டநடுவுல நிக்குது, எல்லாப் பக்கமும் ஒரே தூரம், அப்புறம் இந்தப் பக்கம்தான் விழணும்னு என்ன இருக்கு, அதனால அப்படியே நிக்குது. வடிவம் தூண்ல வெட்டுன துண்டு மாதிரியாம், அகலத்துல மூணுல ஒரு பங்கு உயரம், மேல் தட்டுல நாம. இத முதல்தடவ படிச்சப்போ புக்க மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அதுக்கப்புறம் வந்த அனாக்ஸிமினஸ், இல்ல இல்ல காத்துதான் தாங்குது, பூமி தட்டைன்னு ரிவர்ஸ் கியர் போட்டுட்டார், அது வேற கதை. ஆனா ஆளாளுக்கு முந்துன ஆள மறுத்திருக்காங்க, மறுத்ததுக்கு காரணமும் சொல்லியிருக்காங்க. நான் ஒன்பதாவதுல ஒரே ஒரு சந்தேகம் கேட்டதுக்கு வருஷம் பூரா அதிகப்பிரசங்கின்னு பேரு.

கிரேக்கர் எல்லாரும் அப்படின்னு நெனச்சுக்காதீங்க. பித்தாகரஸ் கோஷ்டியில 'அவரே சொல்லிட்டார்'னா பேச்சு முடிஞ்சதாம், அத நாம தினம் கேக்குறோம். அரிஸ்டாட்டில் பிளேட்டோகிட்ட 20 வருஷம் இருந்துட்டு அவரையே மறுத்தவர், அவ்ளோ பெரிய மூளை, ஆனா சிலர் பொறப்புலயே அடிமைன்னு லாஜிக் போட்டு நிரூபிக்கப் பாத்தார். அங்கதான் எனக்கு அவர்மேல கடுப்பு. ஆனா அதே எடத்துல, அடிமைத்தனம் இயற்கையில இல்ல, சட்டம் போட்டு உண்டாக்குனது, அதனால அநியாயம்னு சொல்றவங்களும் இருக்காங்கன்னு அவரே எழுதி வச்சிருக்கார். யாருன்னு பேரு மட்டும் போடல.