ஸ்கேன் நார்மல் என்பதால் டிப்ரெஷன் பொய்யாகிவிடாது

"மூளை ஸ்கேன் எடுத்தாச்சு, ரிப்போர்ட் நார்மல். அப்புறம் என்ன டிப்ரெஷன்? எழுந்து வேலையைப் பாரு."

மனச்சோர்வில் கிடப்பவரை இந்தப் பேச்சு இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். ரிப்போர்ட்டில் தவறே இல்லை. ஆனால் டிப்ரெஷன் உண்டா இல்லையா என்று சொல்லும் சோதனையே அது கிடையாது.

சாதாரண எம்ஆர்ஐ காட்டுவது மூளையின் அமைப்பை: கட்டி, பக்கவாதத் தழும்பு, நீர்க்கோப்பு, சுருக்கம். அதனால் சிலருக்கு அது கட்டாயம் வேண்டும். முதுமையில் முதன்முறையாகச் சோர்வு வந்தவர், கூடவே மறதி, நடைத் தடுமாற்றம், வலிப்பு, திடீர் சுபாவ மாற்றம் உள்ளவர். மூளையின் முன்மடலை அழுத்தி மெதுவாக வளரும் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி, வெறும் அக்கறையின்மையாக மட்டுமே மாதக்கணக்கில் வெளித்தெரியலாம். மற்ற பெரும்பாலோருக்கு நார்மல் என்றுதான் வரும்.

"ஆராய்ச்சியில் வித்தியாசம் தெரிகிறதாமே?" தெரிகிறது, சராசரியில். எனிக்மா என்ற பன்னாட்டுக் குழு 1,728 டிப்ரெஷன் நோயாளிகளை நோயில்லாத 7,199 பேருடன் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதி) சராசரியாக 1.24% சிறிதாக இருந்தது. இரண்டு பள்ளிகளின் பிளஸ் டூ சராசரி 450, 445 என்று வையுங்கள். வித்தியாசம் நிஜம்தான். அதற்காக ஒரு மார்க்‌ஷீட்டைப் பார்த்து, பிள்ளை எந்தப் பள்ளி என்று சொல்லிவிட முடியுமா? ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2022-இல் 1,809 பேரிடம் இதைச் சோதித்தது. ஸ்கேனில் கிடைத்த ஒவ்வொரு மூளை அளவையும் தனித்தனியாக வைத்து நோயாளியைப் பிரித்தறிய முயன்றபோது துல்லியம் 54 முதல் 56%. காசு சுண்டினாலே 50 கிடைக்கும்.

மூளையின் செயல்பாட்டை வண்ணப் புள்ளிகளாகக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ இன்னும் சிக்கலானது. அது நரம்பணுவை நேராகப் பார்ப்பதில்லை. அந்த இடத்து ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைப் பார்க்கிறது, அதுவும் ஐந்தாறு வினாடி தாமதமாக. 3 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றில் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடக்கம். பத்து நிமிடப் பதிவில் தலை அரை மில்லிமீட்டர் அசைந்தாலே, மூளைப் பகுதிகளுக்கிடையே இல்லாத இணைப்பு இருப்பதுபோலத் தெரியும். பதற்றத்தில் இருப்பவர் அசையாமல் படுப்பதே கஷ்டம். குடித்த காபி, மாத்திரை, மூச்சின் வேகம், பாதியில் வரும் தூக்கம் எல்லாம் சிக்னலை மாற்றும். 2017-இல் ஓர் அமெரிக்கக் குழு டிப்ரெஷனை எஃப்எம்ஆர்ஐ வழியாக நான்கு வகையாகப் பிரித்தது. பெரிய செய்தியானது. 2019-இல் நெதர்லாந்துக் குழு அதே முறையை வேறு நோயாளிகளிடம் செய்து பார்த்தபோது, அந்த நான்கு வகைகள் இருப்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தத் துறையே வீண் என்று சொல்ல வரவில்லை. ஸ்டான்ஃபோர்டில் உருவான சிகிச்சை ஒன்றில், நோயாளியின் எஃப்எம்ஆர்ஐ-யைப் பார்த்து முன்மூளையின் இடப்பக்கத்தில் அவருக்கே உரிய ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே தினம் 10 முறை, 5 நாள் காந்தத் துடிப்பு கொடுக்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை அனுமதித்தது. என் கணிப்பில் ஸ்கேனின் எதிர்காலம் இந்தப் பக்கம்தான். ஆனால் அங்கும் நோய் இன்னது என்று முடிவுசெய்வது மருத்துவரே; இடத்தைக் காட்டுவதுதான் ஸ்கேனின் வேலை.

ஆக, கையில் காசு குறைவென்றால் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பாருங்கள். இவை குறைந்தாலும் சோர்வு வரும். மனநல மருத்துவரிடம் முக்கால் மணி நேரம் மனம்விட்டுப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்னென்ன அறிகுறி, தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்பு அளவுக்கு மீறிய உற்சாகக் காலம் இருந்ததா என்று அவர் கேட்பவை எந்த ஸ்கேனிலும் பதிவாகாது. கடைசிக் கேள்வியை மறைக்கவே கூடாது, சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் பைபோலார் நோய் என்றால் மருந்தே மாறும். சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்தால் இரவிலும் எடுப்பார்கள்.

அதற்குப் பிறகும் யாராவது ஸ்கேன் எழுதித் தந்தால், தயங்காமல் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், இதில் என்ன வந்தால் என் சிகிச்சை மாறும்?"