ரெஃபரன்ஸில் நம்பர் இருந்தால் கடனை நீங்கள் கட்ட வேண்டுமா?

"கடன் செயலியில் ரெஃபரன்ஸாக உங்கள் நம்பர் இருந்தால், வாங்கியவர் கட்டாத பணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் போலீஸ் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, "அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று ஒப்புக்கொண்டவர்தான் ஜாமீன்தாரர். உங்களைக் கேட்காமலே யாரோ எழுதிக் கொடுத்த நம்பர் உங்களை ஜாமீன்தாரர் ஆக்காது. கடன் தவணை தவறியது என்பதாலேயே அது கிரிமினல் குற்றம் ஆகிவிடாது.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்திக்கு போன் போட்டு, "உங்க அக்கா பையன் ஏமாத்துக்காரன், நீங்க கட்டுங்க, இல்லன்னா போட்டோவை எல்லாருக்கும் அனுப்புவோம்" என்று மிரட்டுகிறார்களே, அதுதான் விதிமீறல். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. கடனாளியின் குடும்பத்தினர், ரெஃபரன்ஸாகக் காட்டப்பட்டவர்கள், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-இல் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. போனிலுள்ள கான்டாக்ட் பட்டியலைச் செயலிகள் தொடவும் கூடாது.

பயந்துபோய் ஐந்நூறு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பினால் அழைப்பு கூடத்தான் செய்யும். அழைத்த நேரம், நம்பர், மிரட்டல் மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் எண் 14448. ஊர் பேர் தெரியாத செயலி, போட்டோவை மார்ஃபிங் செய்வோம் என்ற மிரட்டல் என்றால் காத்திருக்காமல் சைபர் கிரைம் எண் 1930-ஐ அழையுங்கள்.