பிளஸ் ஒன் வந்தால் ஸ்குவாஷ் ராக்கெட்டைப் பரணில் போட்டுவிட வேண்டுமா?

போன வாரம் காரைக்குடி வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அக்கா மகளுக்கு வயது 15. ஆறு வருஷமாகச் சென்னையில் ஸ்குவாஷ் ஆடுகிறாள்; நாலு சுவருக்குள் ராக்கெட்டால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம். "அடுத்த வருஷம் பிளஸ் ஒன். ஆடுனது போதும், படிப்பைப் பாரு" என்று அத்தான் முடித்துவிட்டார். வந்திருந்த உறவெல்லாம் தலையாட்டியது. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கவில்லை. மனசு ஆறாமல் இங்கே எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் வளவில், வீட்டு நடுமுற்றத்தில், அவள் பந்தை என் கையில் கொடுத்தாள். எலுமிச்சங்காய் அளவு, 24 கிராம்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் போட்டேன், சொத்தென்று கிடந்தது. "அம்மான், சூடானாத்தான் எழும்பும்" என்று பின்கட்டுச் சுவரில் ஐந்து நிமிஷம் விடாமல் அடித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். இப்போதுதான் இறக்கிய பணியாரம் மாதிரி உள்ளங்கையில் வெதுவெதுப்பு. கீழே போட்டேன், துள்ளியது.

இந்த ஆட்டத்தில் ஆளும் அப்படித்தான், சூடேற நாளாகும். ஜோஷ்னா சின்னப்பா 2000இல், 14 வயதில், தேசிய சாம்பியன் ஆனார். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது 2016இல். நடுவே 16 வருஷம்! 2025 டிசம்பரில் சென்னையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோதும் அணியில் இருந்தார், 39 வயதில். சவுரவ் கோஷல் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து பயிற்சி எடுத்தவர். காமன்வெல்த் ஒற்றையர் வெண்கலம் 2022இல் கிடைத்தபோது 36 வயதைத் தொட ஒரு வாரம் இருந்தது. இவர்கள் வீட்டிலும் பிளஸ் ஒன்னோடு கணக்கை மூடியிருந்தால்?

பணம் கரையும், அதை மறைக்கவில்லை. ஆரம்ப வருஷங்களில் சின்னப் போட்டிகளின் பரிசுப் பணம் விமான டிக்கெட்டுக்கே பற்றாது. தங்குமிடம், ஷூ, அறுந்து அறுந்து மாற்றும் ஸ்ட்ரிங், எல்லாம் கைக்காசு. போட்டிக்குப் போன நாளுக்கு வருகைப்பதிவு கேட்டு அக்கா பள்ளி வாசலில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் படிப்பு போய்விடும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உலகக் கோப்பை அணியில் ஆடிய வேலவன் செந்தில்குமார் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர்.

பதின்வயசுப் பையனைப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகும் எடுபிடியாக, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேற்றிவிட்டவர்கள் நம் செட்டிநாட்டு அய்யாமார். மூன்று வருஷக் கணக்கு, அதாவது ஒரு தவணை வேலை, முடித்து வருவான், மறுபடி போவான். போய்ச் சேர்ந்த மாசமே லாபம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பொறுமை ஒரு பெண்பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது?

2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்குவாஷ் முதல்முறையாக ஒலிம்பிக்கில் வருகிறது. இவள் அங்கே போவாள் என்று நான் சொல்லவில்லை. இப்போதுதான் பந்து சூடாகிறது, அதற்குள் எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

அத்தான், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை, மன்னியுங்கள். இன்னும் ஒரே ஒரு மூன்று வருஷக் கணக்கு கொடுங்கள். ஷூவும் ஸ்ட்ரிங்கும் என் பற்றில் எழுதிக்கொள்ளுங்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், திங்கட்கிழமை விடியக்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.