எல்லாப் பிள்ளைக்கும் முறை வரட்டும்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள் என்று செய்தி வந்தால் எனக்கும் நெஞ்சு நிறைகிறது. உடனே பகிர்கிறேன். அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும், வீட்டுக்குப் போகாமல் கூடவே இருந்த ஆசிரியர்களின் உழைப்பையும் நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் படத்தில் நிற்பவர்கள் நாலைந்து பேர்தான். அதே வகுப்பில் இருக்கும் மற்ற பிள்ளைகள் கணினியைத் தொட்டுப் பார்த்தார்களா? கைப்பந்துக் குழுவில் இடம் கிடைக்காத பிள்ளை வருஷம் முழுக்க ஒரு தடவையாவது சர்வ் போட்டதா? மறுசுழற்சிப் போட்டிக்குக் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் சுமந்து வந்த பிள்ளைக்கு அது அப்புறம் எங்கே போகிறது என்று யாராவது சொன்னார்களா?

நான் மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஆசிரியர்களோடு சேர்ந்து நாலாம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குப்பை பிரிப்பது, கைப்பந்து, ஸ்கிராட்ச் கோடிங் மூன்றையும் நடத்துகிறோம். "மூன்றுக்கும் என்னங்க சம்பந்தம்? ஏதாவது ஒன்றை எடுத்து உருப்படியாகச் செய்து, போட்டிக்கு அனுப்பலாமே" என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

குப்பையிலிருந்தே தொடங்குகிறேன். பினாங்குக்காரர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. 2009ல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்றார்கள். 2011லிருந்து எல்லா நாளும் கிடையாது என்றார்கள். 2016ல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற கொள்கை வந்தது. இதையெல்லாம் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளிடம் "தீவில் போடுகிற குப்பை கடைசியில் எங்கே போகிறது?" என்று கேட்டால் பலரும் "லோரி எடுத்துட்டுப் போயிடும் அங்கிள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லோரிக்குப் பிறகும் கதை இருக்கிறது. பத்து மாவுங்கில் இருக்கும், குப்பையைச் சேர்த்து மாற்றி அனுப்பும் நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து கடல் தாண்டி பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையின் தென்கோடியில் நிபோங் திபால் பக்கம் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த மேடு 2022 ஜனவரியில் தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது. அதற்கு முன் 2020ல் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்தபோது தீவிலேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். சுவரொட்டியில் பச்சை நிற பூமி வரையச் சொல்வதற்கு முன்னால் இந்தப் பாதையை ஒரு வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டினால் போதும், பிள்ளைகள் முகம் மாறுகிறது. அந்தப் பக்கம் சித்தி வீடு இருக்கிறது, பாட்டி வீடு இருக்கிறது என்று அவர்களே சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் தொட்டிகள். நீலத் தொட்டி காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும். இதை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிஷம் போதும். சிக்கல் கேண்டீனில்தான் வருகிறது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மடித்துத் தரும் பழுப்புத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "நீலம்!" என்றார்கள். ஐந்தாம் ஆண்டுப் பெண் பிள்ளை ஒன்று மட்டும் அதன் ஓரத்தைக் கிழித்தது. தாள் கிழிந்தது; ஆனால் உள்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் கிழியாமல் ஜவ்வாக இழுத்துக்கொண்டு வந்தது. "அங்கிள், இது பேப்பர் மாதிரி நடிக்குது" என்றது அந்தப் பிள்ளை. அடுத்த நொடி அத்தனை பிள்ளைகளும் கையில் கிடைத்ததையெல்லாம் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைலோ பானப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினியம், அதன் மேல் பிளாஸ்டிக். சம்பல் (மிளகாய்த் துவையல்) எண்ணெய் ஊறிய தாளை என்ன செய்வது என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதமே வந்தது. அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஸ்கிராட்சுக்கு வேலை வந்தது இங்கேதான். எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007ல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட இலவச மென்பொருள் அது. தட்டச்சு செய்யத் தேவையில்லை. வண்ண பிளாக்குகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் அதுவே நிரல். "என்றால்" பிளாக்கில் அறுகோண வடிவில் ஓர் இடம் இருக்கும். ஆம், இல்லை என்று முடியும் கேள்விதான் அதில் போய் உட்காரும்; வேறு பிளாக்கை வைத்தால் ஒட்டாது. காற்புள்ளி ஒன்றை விட்டுவிட்டு அரைமணி நேரம் திண்டாடும் வேலை இதில் இல்லை, அந்த நேரம் யோசிப்பதற்கு மிச்சமாகிறது.

எங்கள் பிள்ளைகள் செய்த முதல் நிரலில் ஒரு பூனை "காகிதமா?" என்று கேட்கும். ஆம் என்று பதில் தட்டினால் "நீலத் தொட்டி" என்று சொல்லும். மறுவாரம் நாசி லெமாக் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே நிரலை ஓட்டினார்கள். பூனை கூசாமல் "நீலத் தொட்டி" என்றது. கணினி தப்பு செய்கிறது என்றான் ஒரு பையன். இல்லை, நாம் கேட்கச் சொன்னதைத்தானே அது கேட்டது என்றான் பக்கத்தில் இருந்தவன். பிறகு "என்றால்" பிளாக்கின் வயிற்றுக்குள் இன்னொரு "என்றால்" பிளாக்கை வைத்தார்கள்: "கிழித்தால் ஜவ்வு மாதிரி இழுக்கிறதா?" இழுத்தால் சாதாரணக் குப்பை, இல்லையென்றால் நீலம். விதியை எழுதி, நிஜப் பொருளோடு மோதவிட்டு, உடைந்த இடத்தைத் திருத்துவது. கோடிங் கற்பது என்றால் எனக்கு இதுதான். மின்னும் விளக்கு வைத்த ரோபோ இல்லாமலே நடக்கிறது.

ஆனால் கணினி அறையில் ஒரு வியாதி உண்டு. மூன்று பிள்ளைக்கு ஒரு கணினி என்றால் மவுஸ் ஒருவன் கையிலேயே இருக்கும். வீட்டில் கணினி இருக்கிற பிள்ளை அது. மற்ற இருவரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். ஆசிரியர் கேட்டால் மூவரும் "முடிச்சிட்டோம் சார்" என்பார்கள்.

அதனால்தான் கைப்பந்து வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். ஜார்ஜ்டவுனைச் சுற்றியுள்ள பல பள்ளிகளில் காற்பந்துத் திடலுக்கு இடமே கிடையாது. கைப்பந்துக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் போதும். சபைகூடும் இடத்திலேயே வலைக்குப் பதில் கயிறு கட்டலாம். 1895ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே, கூடைப்பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நடுவயதுக்காரர்களுக்காகத்தான். ஓடத் தெரிந்தவனுக்கு மட்டும் என்று பிறந்த ஆட்டம் இல்லை.

அதன் விதிகளைப் பாருங்கள். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை தொடக்கூடாது. மூன்று தொடுதலுக்குள் அந்தப் பக்கம் அனுப்பியாக வேண்டும். சர்வ் நம் கைக்குத் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் கடிகார முள் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். குள்ளமான பிள்ளையும் வலைக்கு முன்னால் வந்தாக வேண்டும், கூச்சப்படும் பிள்ளையும் சர்வ் போட்டாக வேண்டும். கெட்டிக்காரன் ஒருவனே ஆட்டத்தை வைத்துக்கொள்ள விதியே இடம் கொடுக்காது. கயிற்றைத் தாழ்த்திக் கட்டி, லேசான பந்து கொடுத்து, கீழிருந்து அடிக்கும் சர்வையே எல்லாருக்கும் பழக்கினோம். முன்கை சிவந்துபோய் அழுத பிள்ளைகள் இப்போது கேட் திறக்கும் முன்னாலேயே வந்து நிற்கிறார்கள்.

திடலில் பழகிய இந்தச் சுழற்சியைக் கணினி அறைக்கும் கொண்டுபோனோம். மணி அடித்தால் மவுஸ் பக்கத்துப் பிள்ளைக்கு. நடுவில் இருப்பவர் அடுத்த அடி என்ன என்று சொல்ல வேண்டும், ஓரத்தில் இருப்பவர் தப்பு தேட வேண்டும். குப்பைத் தொட்டி பொறுப்பும் அப்படியே சுற்றுகிறது. இப்போது "இதுக்கெல்லாம் நேரம் ஏது, மார்க் போயிடும்" என்று பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021ல் எடுத்துவிட்டார்கள். டியூசனுக்குக் கொடுக்கிற சனிக்கிழமைகளில் ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். நம் பள்ளிகளில் பலவற்றில் 150 பிள்ளைகள்கூட இல்லை என்று வருத்தப்படுகிறோம். வருத்தம் நியாயம்தான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் முறை வரும்படி நடத்த அந்தச் சின்னப் பள்ளிகளால்தான் சுலபமாக முடியும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பதக்கப் பட்டியலை வாசிக்கும்போது இன்னொரு பட்டியலையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்: எத்தனை பிள்ளைகள் சர்வ் போட்டார்கள், எத்தனை பேர் தன் கையால் ஒரு நிரல் எழுதி ஓட்டினார்கள், எத்தனை பேருக்குத் தங்கள் வீட்டுக் குப்பை போகும் இடம் தெரியும். உங்கள் பள்ளிக் கூட்டத்திலும் இதைக் கேளுங்கள். கயிறு கட்ட, பந்து பொறுக்க, கணினிக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றால், தீவுப் பக்கம் எந்தப் பள்ளியாக இருந்தாலும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.