பென் கானன்-டோக்கை அவசரப்படுத்தாதீர்கள்

2025 நவம்பரில் ஸ்காட்லாந்து கால்பந்து அணி டென்மார்க்கை 4-2 என்று வென்ற இரவைப் பற்றி எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். மக்டோமினே காற்றில் எழும்பித் தலைக்கு மேலே காலைச் சுழற்றி அடித்த முதல் கோல், தொண்ணூறு நிமிடம் தாண்டியபின் டியர்னி அடித்தது, நடுக்கோட்டருகே இருந்து கென்னி மக்லீன் உயர்த்திப் போட்டு ஹாம்ப்டன் பார்க் மைதானத்தையே அழவைத்தது என எல்லாவற்றையும் நானும் பார்த்தேன். இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டி 1.15க்குத் தொடங்கிய ஆட்டம். முடிந்தபின் தூக்கமே வரவில்லை. 1998க்குப் பிறகு முதல்முறையாக ஸ்காட்லாந்து ஆடவர் அணி 2026 உலகக் கோப்பைக்குப் போகிறது.

ஆனால் அந்த இரவில் என் கண்ணில் நிற்பது ஸ்ட்ரெச்சர்தான்.

மூன்றாவது நிமிடத்தில் மக்டோமினே அடித்த அந்தக் கோலுக்கு வலப்புறத்திலிருந்து பந்தை அனுப்பியவன் பென் கானன்-டோக். அடுத்த இருபது நிமிடங்களுக்குள் அவன் தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபது வயது நிறைந்து சரியாக ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. (அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பதினாறு வயதிலிருந்து பார்த்துவரும் பிள்ளை. வீட்டுப் பையனைப் போல 'அவன்' என்றே எழுதுகிறேன்.)

அன்றிலிருந்து ஸ்காட்லாந்து ரசிகர்கள் பேசும் இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி: உலகக் கோப்பை தொடங்கும் ஜூனுக்குள் தயாராகிவிடுவானா? இந்தக் கேள்வியே தவறு என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வடக்கு எயர்ஷயரில் இருக்கும் டல்ரை என்ற சிற்றூர்க்காரன் அவன். கிளாஸ்கோ கிளப்பான செல்டிக்கின் இளையோர் அணியில் வளர்ந்தான். 2022 ஜனவரி இறுதியில், பதினாறு வயதில், முதல் அணிக்காக இறங்கினான். சில நாள்களிலேயே அதே நகரின் பரம எதிரியான ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரனாகக் களம் கண்டான். கிளாஸ்கோவில் அந்த ஆட்டத்தின் எடை என்ன என்பது கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். முப்பது வயது ஆட்களுக்கே கால் நடுங்கும். இவன் பந்து வந்ததும் எதிரே நின்றவரை நோக்கி நேராக ஓடினான்.

அதே வசந்த காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் அவனை அழைத்துக்கொண்டது. செல்டிக்குக்குக் கிடைத்தது சுமார் 6 லட்சம் பவுண்டு பயிற்சி இழப்பீடு. மூன்றே ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், லிவர்பூல் அவனை இன்னொரு இங்கிலாந்து கிளப்பான போர்ன்மவுத்துக்கு விற்றபோது தொடக்க விலை 2 கோடி பவுண்டு, நிபந்தனைகள் நிறைவேறினால் 2.5 கோடி வரை. செல்டிக் ரசிகர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் ஒரு பெரிய காரணம் கிளப்புகளின் கைக்கு வெளியே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிறகு, 18 வயது நிரம்பாத வெளிநாட்டுப் பிள்ளைகளை இங்கிலாந்து கிளப்புகள் வாங்க முடியாது. ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் தேடிக்கொண்டிருந்த கண்கள் வடக்கே திரும்பின. பிரிட்டனுக்குள்ளேயே இருக்கும் ஸ்காட்லாந்துப் பையன்களுக்கு அந்தத் தடை இல்லை.

இப்படித் தெற்கே போன பிள்ளைகள் எல்லோரும் கரையேறினார்களா? 2011இல் செல்டிக்கிலிருந்து செல்சீக்குப் போன இஸ்லாம் ஃபெரூஸை நினைவிருக்கிறதா? அந்த வயதில் அவனைப் போல ஒருவன் இல்லை என்றார்கள். செல்சீயின் முதல் அணிக்காக ஒரு போட்டிகூட ஆடவில்லை. அதே செல்டிக், சிறுவயதில் 'உயரம் போதாது' என்று கழித்துவிட்ட ஆண்டி ராபர்ட்சன் குயின்ஸ் பார்க்கில் நான்காம் நிலை லீகில் ஆடி, டண்டீ யுனைடெட், ஹல் சிட்டி என்று படிப்படியாக ஏறி, லிவர்பூலில் சாம்பியன்ஸ் லீக் வென்று, இன்று ஸ்காட்லாந்தின் கேப்டன். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முளையில் தெரிவது முளைதான்.

நம் பையனிடம் வருவோம். அவனிடம் இருக்கும் சிறப்பு என்ன?

இன்றைய விங்கர்களில் (ஓரக்கோட்டை ஒட்டி ஆடும் தாக்குதல் வீரர்களில்) பெரும்பாலோர் காலை மாற்றி ஆடுபவர்கள். இடக்கால்காரர் வலப்புறம் நிற்பார், உள்ளே வெட்டிவந்து கோல் நோக்கி அடிப்பார். கானன்-டோக் பழைய வகை. வலக்கால்காரன், வலக்கோட்டை ஒட்டி நிற்பவன், தடுப்பாளரின் வெளிப்புறமாக ஓடிப்போய் கோல் கோட்டருகிலிருந்து பந்தை உள்ளே அனுப்புபவன். ஸ்காட்லாந்துக்கு இது பூர்விகச் சொத்து. ஆறு பென்ஸ் விலையில் விற்ற மலிவான பந்தைத் தெருவில் உருட்டிப் பழகிய குள்ளமான சிறுவர்களை அங்கே 'டானர் பால்' ஆட்டக்காரர்கள் என்பார்கள். 1967இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற செல்டிக் அணியின் ஜிம்மி ஜான்ஸ்டன் அந்த மரபின் உச்சம். பிறகு ரேஞ்சர்ஸின் டேவி கூப்பர். அப்புறம் நெடுங்காலம் வெறுமை.

அந்த வெறுமை எவ்வளவு வலித்தது என்பதற்கு 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) சாட்சி. மூன்று ஆட்டங்களில் ஸ்காட்லாந்து கணக்கில் இரண்டே கோல்கள், அதில் ஒன்று ஜெர்மனியின் ருடிகர் தன் வலையிலேயே போட்டுக்கொண்டது! எதிரணியின் தடுப்பாளர்கள் பின்னால் திரும்பி ஓட வேண்டிய தேவையே இல்லாமல் நிம்மதியாக நின்றார்கள். அந்தத் தொடருக்கான முதற்கட்ட அணியில், அதுவரை ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாத இவனைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் சேர்த்திருந்தார். காயம் காரணமாக விலக வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில் போலந்துக்கு எதிராக அறிமுகமானான். அக்டோபரில் ரொனால்டோவின் போர்ச்சுகலோடு கோலின்றி முடிந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடினான். நவம்பர் 15, குரோஷியா ஆட்டம். பத்தொன்பது வயது நிறைந்து நான்கு நாள். எதிரே குவார்டியோல், உலகின் விலை உயர்ந்த தடுப்பாளர்களில் ஒருவர். முழு ஆட்டமும் இவன் அவரை விடவில்லை. கடைசிக் கட்டத்தில் அவரைத் தாண்டி ஓடிய ஓட்டத்திலிருந்துதான் மக்கின்னின் வெற்றி கோல் பிறந்தது. அந்த ஓட்டத்தை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. தந்திரம் எதுவும் இல்லை. பந்தைத் தள்ளினான், தோளைத் தாழ்த்தினான், போய்விட்டான். அவ்வளவுதான். அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்தும் தடுக்க முடியாததுதான் உண்மையான வேகம்.

கவனித்தீர்களா, நவம்பர் இவனுடைய மாதம். லிவர்பூலுக்காக முதன்முதலில் இறங்கியது 2022 நவம்பர் 9, டெர்பி கவுன்டிக்கு எதிராக. குரோஷியா ஆட்டம் நவம்பரில். 2025இல் கிரீஸில் 3-0 என்று பின்தங்கி நின்றபோது நாட்டுக்காகத் தன் முதல் கோலை அடித்ததும் நவம்பர் 15. மூன்று நாள் கழித்து அந்த ஸ்ட்ரெச்சர்.

காயங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் முழங்கால். 2024-25இல் மிடில்ஸ்பரோ கிளப்புக்கு லோனில் (ஒரு பருவக் கடனாக) போய், மைக்கேல் காரிக்கின் கீழ் 24 ஆட்டங்களில் 3 கோல், 7 கோல் உதவி என்று பூத்துக் குலுங்கிய நேரத்தில், ஜனவரியில் தொடைக் காயம். பருவம் அதோடு முடிந்தது. இப்போது ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடைப் பின்தசை. தொடர்ந்து மூன்று பருவங்கள், மூன்றும் குளிர்காலத்தில் முறிந்திருக்கின்றன. பதினெட்டிலிருந்து இருபது வரை என்பது ஒரு விங்கர் ஓடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்கும் வயது. எப்போது தலையைத் தூக்கிப் பார்ப்பது, எப்போது பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்பது, முதல் முறை தடுக்கப்பட்டால் இரண்டாம் முறை என்ன மாற்றுவது என்பதையெல்லாம் பயிற்சிக்கூடத்தில் சொல்லித்தர முடியாது. சனிக்கிழமை தோறும் ஆடி, அவமானப்பட்டு, அடுத்த சனிக்கிழமை திரும்ப ஆடித்தான் வரும். அந்தச் சனிக்கிழமைகளைத்தான் இவன் இழந்துகொண்டிருக்கிறான். அவனுடைய கடைசிப் பாஸ் இன்னும் முரடாக இருப்பதற்கு நான் காணும் காரணம் இதுதான். திறமைக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தொடைப் பின்தசை கிழிவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். வேகம் கூடக் கூட அதன் மீது விழும் சுமை பல மடங்காகிறது. ஆக, இவனுடைய செல்வமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இது இவன் ஒருவனின் பிரச்சினையும் அல்ல. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளை அந்தக் கண்டத்தின் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ தொடர்ந்து கண்காணித்த ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001-02இல் 12 சதவீதம், 2021-22இல் 24 சதவீதம். இருபது ஆண்டில் இரட்டிப்பு. ஆட்டம் வேகமாகிவிட்டது, ஓய்வு குறைந்துவிட்டது.

கல்லூரி நாள்களில் நானும் வலப்புறத்தில் ஓடியவன்தான். இரண்டாம் ஆண்டில் பின்தொடையில் ஏதோ அறுந்தது போன்ற சத்தம். உட்காரக்கூட முடியாமல் கிடந்தேன். மூன்றாம் வாரம் அரையிறுதி ஆட்டம். 'கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். இறங்கினேன். பதினோராம் நிமிடம் அதே இடம், முன்னைவிட ஆழமாக. அதன்பிறகு நான் முழு வேகத்தில் ஓடியதே இல்லை, உடல் விட்டாலும் மனம் விடவில்லை. என்னை இறக்கியவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு அந்த ஆட்டம் மட்டும் கண்ணில் தெரிந்தது.

அதனால்தான் இங்கிலாந்து முன்கள வீரர் மைக்கேல் ஓவனின் கதையை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா தடுப்பைக் கிழித்துக்கொண்டு ஓடிய அதே ஓவன், 1999 ஏப்ரலில் லீட்ஸில் ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்து விழுந்தபோது வயது பத்தொன்பது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை வென்றார், உண்மை. ஆனால் அந்தக் காயத்துக்குப் பிறகு தன் உடல் பழையபடி இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மறுபக்கம் மான்செஸ்டர் யுனைடெட் விங்கர் ரயன் கிக்ஸ். அவரும் சின்ன வயதில் ஹாம்ஸ்ட்ரிங்கோடு போராடியவர். யோகாவைப் பிடித்துக்கொண்டார், ஒவ்வொரு பந்துக்கும் ஓடுவதை நிறுத்தினார், விங்கிலிருந்து நடுக்களத்துக்கு நகர்ந்தார், நாற்பது வயதுவரை ஆடினார். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதைக் காலத்தில் புரிந்துகொண்டவர்.

போர்ன்மவுத்தில் இவனுக்கு இது கிடைக்குமா? எனக்கு நம்பிக்கை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. நம்பிக்கைக்குக் காரணம் அங்கே வளர்ந்த விங்கர் செமென்யோ. பாத் சிட்டி, நியூபோர்ட் என்று கீழ்நிலை லீகுகளில் லோனில் அலைந்தவர். 2023 ஜனவரியில் போர்ன்மவுத்துக்கு வந்தபின்தான் முழு ஆட்டக்காரர் ஆனார். அவரை உருட்டிச் செதுக்கும் பொறுமை அந்தக் கிளப்புக்கு இருந்தது. பயத்துக்குக் காரணம் பயிற்சியாளர் இரயோலாவின் பாணி. எதிரணியின் மீது விடாமல் பாயச் சொல்லும் ஆட்டம் அது. விங்கர் பந்தோடு ஓடுவதைவிடப் பந்தில்லாமல் அதிகம் ஓட வேண்டும். குணமாகித் திரும்பும் தசைக்கு இது எளிதான இடம் அல்ல. முதல் இரண்டு மாதம் அவனுக்கு நிமிடங்களை அளந்து கொடுக்க வேண்டும், 20, 30, 45 என்று. ரசிகர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இனி உலகக் கோப்பை. டிசம்பர் 5 குலுக்கலில் ஸ்காட்லாந்துக்கு ஹைட்டி, மொராக்கோ, பிரேசில் வாய்த்திருக்கின்றன. மூன்றும் வேகத்துக்கு விலை உள்ள ஆட்டங்கள். 'எண்பது சதவீதம் சரியாக இருந்தாலும் போதும், கூட்டிக்கொண்டு போங்கள்' என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் காத்த நாட்டின் ஆவலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எண்பது சதவீத கானன்-டோக் என்று ஒருவன் கிடையாது. முழு வேகத்தில் ஓடினால்தான் அவன் அவனாக இருக்கிறான். பாதி வேகத்தில் அவன் சராசரி வீரன், முழு வேகத்துக்கு முயன்றால் மறுபடி ஸ்ட்ரெச்சர்.

என் கருத்து இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் கிளப்புக்காகத் தொடர்ந்து நான்கைந்து வாரம் ஆடியிருந்தால் மட்டும் கூட்டிப் போகலாம். அப்போதும் தொடக்க அணியில் வேண்டாம். அறுபத்தைந்தாம் நிமிடத்துக்குப் பிறகு, எதிரணியின் கால்கள் கனத்தபின் இறக்க வேண்டும். அந்த நான்கைந்து வாரம் இல்லை என்றால், கிளார்க் அவனை வீட்டில் விட்டுப் போகும் துணிவைக் காட்ட வேண்டும். டென்மார்க் ஆட்டத்தில் அவனுக்குப் பதிலாக இறங்கிய பத்தொன்பது வயது ஃபின்ட்லே கர்ட்டிஸ் போன்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் மொத்தக் கனவையும் ஒரே பையனின் தொடைத்தசையில் கட்டித் தொங்கவிடுவது அநியாயம்.

'கண்ணாடி உடம்பு, இவன் அவ்வளவுதான்' என்று முடிவுரை எழுதத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். மக்டோமினே இருபத்தேழாம் வயதில் மான்செஸ்டரைவிட்டு நாப்போலி போய், முதல் பருவத்திலேயே பட்டம் வென்று, இத்தாலிய லீகின் சிறந்த வீரரானார். இந்தப் பையனுக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன.

ஹைட்டிக்கு எதிரான ஆட்டம் நமக்கு ஜூன் 14 காலை 6.30 மணி. காபியோடு உட்கார்ந்துவிடுவேன். அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லாவிட்டால் ஒரு கணம் மனம் சுருங்கும், மறைக்க மாட்டேன். ஆனால் நான் நாள்காட்டியில் குறித்து வைத்திருப்பது வேறொரு நாளை. 2026 நவம்பர் 11. அன்று அவனுக்கு இருபத்தொன்று. அந்த வாரம் அவன் எங்காவது ஒரு மைதானத்தின் வலக்கோட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.