எஞ்சின் செய்த வண்டி ஒழுகினால் "ஓட ஓட சரியாயிரும்" என்று சொல்லாதீங்க

பெரிய வேலை செய்து எடுத்த வண்டியில் ஓயில் ஒழுகுது என்று போய்ச் சொன்னால் பாதி கராஜில் கிடைக்கிற பதில் இதுதான்: "புது சீல் அண்ணே, ஓட ஓட சரியாயிரும்." சரியாகாது. சீல் என்பது ஓயிலை வெளியே விடாமல் பிடிக்கிற ரப்பர் வளையம், புதுசு என்றால் முதல் நாளே பிடிக்க வேண்டும். ஓட ஓட ஒழுக்கு கூடும், குறையாது. இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட நம் ஆட்களுக்காகத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய டொல்பின் வேன். காலையிலும் பின்னேரமும் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டனுக்குப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குவது, மீதி நேரம் ஹயர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நாம் கிட்டப் போக முடியாது. அதனால் மலையகத்தில் என்னைப் போல ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இருக்கிற வண்டியையே எஞ்சின் இறக்கி, பிரித்து, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் சாமான் தேடி, திரும்பப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்படித்தான் என் எஞ்சினும் செய்து வந்தது. சத்தம் அருமை, புகை இல்லை, கினிகத்தேனை ஏற்றத்தில் நல்ல இழுவை. ஆனால் நிறுத்திய இடத்தில் கறுப்புப் பொட்டு. கியர் பெட்டி எஞ்சினோடு சேருகிற இடத்துக்கு அடியில் ஒரு சொட்டு எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் "சரியாயிரும்" என்றார்கள். விடாமல் கேட்டதும் பாஸ், அதுதான் கராஜ் மெக்கானிக், ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "கிராங்கின் பின்பக்க சீல்தான், கியர் பெட்டியை இறக்கணும்" என்று கூலியும் சொல்லிவிட்டார். கராஜ் தரையில் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் ஒழுக்கே இல்லை. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, "பாத்தீங்களா, சின்ன ஒழுக்குதான்."

இங்கேதான் நம்ம ஊர் விஷயம் வருகிறது. கராஜ் தரை மட்டம். நம்ம ரோடு மட்டம் இல்லை. டொல்பின் மாதிரி எஞ்சின் நீளவாக்கில் இருக்கிற வண்டி ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, எஞ்சினின் மேல் மூடியான டெப்பட் கவருக்குள் இருக்கிற ஓயில் பின்பக்க மூலைக்குப் போய்த் தேங்கும். அந்த மூலையில் மூடியின் விளிம்பை அடைக்கிற பெக்கிங் சரியாக உட்காரவில்லை என்றால் அங்கே கசிந்து, எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கியர் பெட்டி சேருகிற இடத்தில் வந்து சொட்டும். கீழே இருந்து பார்க்கிறவனுக்கு அது பின்பக்க சீல் ஒழுக்கு மாதிரியேதான் தெரியும். ஒன்று ஒரு பெக்கிங் வேலை, மற்றது கியர் பெட்டி இறக்குகிற வேலை. எந்தக் கூலி யாருக்கு நல்லது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் கியர் பெட்டியில் கை வைக்க விடவில்லை. எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் பிள்ளைக்குப் போடுகிற பவுடரைத் தூவி, ஏற்றத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, முன் சீட்டைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தேன். கீழே முழுக்க வெள்ளை. மேலே டெப்பட் கவரின் பின் மூலையில் மட்டும் பவுடர் ஊறி, தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது. மூலையில் பெக்கிங் மடிந்து நசுங்கி, அதை மறைக்க சிலிக்கன் பசையை அப்பி வைத்திருந்தார்கள். அதைப் படம் எடுத்துக் காட்டியதும் பாஸ் பேச்சில்லாமல் கவரைக் கழற்றினார்.

ஒழுக்கு எங்கே சொட்டுகிறதோ அங்கே தேடாதீர்கள். காற்று பின்னுக்குத் தள்ளும், ஓயில் கீழே இறங்கும், ஆகவே நனைந்த இடங்களில் மிக மேலே, மிக முன்னே இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, நம்ம பக்கம் தரை பாதி நாள் ஈரம், சொட்டு விழுந்தாலும் தெரியாது. இரவில் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்துப் போட்டு வண்டியை நிறுத்துங்கள். கறுப்போ பழுப்போ என்றால் எஞ்சின் ஓயில், சிவப்பு என்றால் பெரும்பாலும் ஓட்டோ கியர் அல்லது பவர் ஸ்டியரிங், பச்சையோ ரோஸோ இனிப்பு வாசத்தோடு இருந்தால் கூலன்ட். ஏசி போட்டு ஓடிய வண்டியில் சுத்தமான தண்ணி சொட்டினால் அது ஒழுக்கே இல்லை, பயப்படாதீர்கள்.

சிலிக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. அளவாகப் போட வேண்டிய இடம் இருக்கிறது. ஆனால் வெளியே பிதுங்குகிற அளவுக்கு அப்பினால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது உடைந்து, எஞ்சின் அடியில் ஓயில் தேங்குகிற சம்புக்குள் விழுந்து ஓயில் உறிஞ்சுகிற வலையை அடைத்தால், செய்த எஞ்சினைத் திரும்பவும் செய்ய வேண்டியதுதான். அதேபோல எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த நல்ல சீலையும் தாண்டி ஓயில் வெளியே வரும். சீலை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்கும் முன் அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் பாஸ்மாரைத் திட்டவும் கூடாது. வேலை முடிந்த புதிதில் சிந்திய ஓயில் சைலன்சரில் எரிகிற வாசம் வரும், போய்விடும். ரேடியேட்டரில் காற்று வெளியேறி மட்டம் ஒருமுறை இறங்கும், அதுவும் வழமைதான். திரும்பத் திரும்ப இறங்கினால் மட்டும்தான் சண்டை. அப்போதும் பீலித் தண்ணியைப் பிடித்து ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நுவரெலியா உயரத்தில் வெறும் தண்ணி 94 பாகையிலேயே கொதித்துவிடும், ரேடியேட்டர் மூடி பழசாகி அழுத்தம் பிடிக்காவிட்டால் எஞ்சின் சூடேற அது போதும்.

பிரேக் ஓயில் ஒழுக்கு என்றால் பேச்சே கிடையாது. சில்லின் உட்பக்கம் ஈரமாக இருந்து, பிரேக் ஓயில் டப்பாவில் மட்டமும் இறங்கியிருந்தால் வண்டி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ரம்பொடை இறக்கத்தில் பாதியில் பெடல் கீழே போனால் எந்த பாஸும் வந்து நிற்க மாட்டார்.

சரி, இரண்டாவது கூலி யார் கொடுப்பது? என் கருத்து இதுதான்: சாமான் கராஜ்காரர் வாங்கியது என்றால் சாமானும் கூலியும் அவர் தலையில். மலிவுக்கு ஆசைப்பட்டு நாமே வாங்கிக் கொடுத்த சீல் பழுது என்றால் சாமான் நம்முடையது, கூலியில் பாதியாவது நாம் கொடுப்பதுதான் நியாயம். பூட்டியது பிழை என்றால் முழுக்க அவர். இதைப் பேச பில் வேண்டும். "நம்ம ஆள்தானே" என்று துண்டுக் கடதாசிகூட வாங்காமல் வந்துவிடுகிறோம், பிறகு வாய்ப்பேச்சில் என்ன நிற்கும்? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வேலை செய்த கராஜுக்கே ஒரு வாய்ப்புக் கொடுங்கள். வேறு பாஸ் கை வைத்த பிறகு "அவன் கெடுத்தான்" என்று முதல் ஆள் கைகழுவிவிடுவார், அப்போது முறைப்பாட்டிலும் சிக்கல்தான்.