பேர் ஆக்டை நம்பி பார் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

"பேர் ஆக்ட் உள்ளே விடறாங்களே, அப்புறம் என்ன?" என்ற நினைப்போடு ஏ.ஐ.பி.இ. (வழக்கறிஞர் தொழில் செய்ய சட்டப் பட்டதாரிகள் எழுதும் அகில இந்திய பார் தேர்வு) எழுதப் போகிறவர்கள்தான் என் கணிப்பில் முதலில் கவிழ்கிறார்கள். பேர் ஆக்ட் என்றால் விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம். 2023 டிசம்பரில் நடந்த 18-வது தேர்வில் தேறியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். இத்தனைக்கும் தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம் போதும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 40. நெகட்டிவ் மார்க்கும் கிடையாது.

100 கேள்விக்கு மூன்றரை மணி நேரம். அதாவது கேள்விக்கு 2 நிமிடம், கொசுறாக 6 விநாடி. பழகாத சட்டத்தில் ஒரு பிரிவைத் தேடிப் பிடிக்க ஐந்து நிமிடம் ஓடிவிடும். 40 கேள்விக்குப் புத்தகத்தைத் திறந்தால் 200 நிமிடம் போச்சு. புத்தகம் 20, 25 கேள்விக்குத்தான். மீதியை மண்டையிலிருந்துதான் எழுதியாக வேண்டும்.

பாடங்கள் 19 என்று மலைக்க வேண்டாம். அரசியலமைப்பு, பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) தலா 10 கேள்வி. பி.என்.எஸ். (தண்டனைச் சட்டம்), சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம், ஒப்பந்தம்-சொத்துரிமை-செக் சட்டத் தொகுப்பு தலா 8. ஆக ஏழு பாடத்தில் 62 மதிப்பெண். கம்பெனி சட்டம், சைபர், சுற்றுச்சூழல் எல்லாம் தலா இரண்டே கேள்வி. அவற்றுக்கு வாரக்கணக்கில் உட்கார்வது வீண். தொழில் நெறிமுறை 4 கேள்விதான் என்றாலும் படிக்க வேண்டியது கொஞ்சம், அதை விடாதீர்கள்.

இப்போது பெரிய வில்லங்கம், 2024 ஜூலை 1 முதல் வந்த மூன்று குற்றவியல் சட்டங்கள்: பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., புதிய சாட்சியச் சட்டம். பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) பழக்கத்தில் 302 என்றதும் கொலை என்று கை தானாக ஓடும். இன்று அது பி.என்.எஸ். 103. மோசடிக்கான 420 இப்போது 318(4). இன்னும் மோசம் 482: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், பி.என்.எஸ்.எஸ்.ஸில் அதே எண் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பழைய வினாத்தாளில் பயிற்சி எடுப்பவர்கள் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் புது எண்ணை எழுதிப் பழகுங்கள். பழைய பேர் ஆக்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பேர் ஆக்டைப் படிக்கும்போது பொருளடக்கத்திலிருந்து தொடங்குங்கள். சி.பி.சி.யில் பிரிவுகள் முன்னால், ஆணைகள் பின்னால். முன்தீர்ப்புத் தடை (தீர்ப்பான விவகாரத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்பது) பிரிவு 11, பிராது நிராகரிப்பு ஆணை 7 விதி 11, தற்காலிக உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) ஆணை 39, நிறைவேற்றுதல் ஆணை 21. இந்த நடமாட்டம் கைக்கு வந்துவிட்டால் தேடும் நேரம் பாதியாகும். ஓரத்தில் குறிப்பு எழுதிய புத்தகம் வேண்டாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

தமிழ் வினாத்தாள் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி தமிழில், கையில் இருக்கும் பேர் ஆக்ட் ஆங்கிலத்தில் என்றால் 'உறுத்துக்கட்டளை' எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று தெரியாமல் முழிப்பீர்கள். இரண்டு மொழிச் சொல்லையும் சேர்த்தே படியுங்கள், அல்லது படித்த மொழியிலேயே எழுதுங்கள்.

ஹாலில் முதல் சுற்று 80 நிமிடம், புத்தகத்தைத் தொடாமல். இரண்டாம் சுற்றில் எந்தச் சட்டம் என்று தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் புத்தகம். கடைசி 15 நிமிடம் மீதிக்கு ஊகம், ஒரு வட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஓ.எம்.ஆர். விடைத்தாளைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், ஒரு வரிசை தவறினால் கீழே உள்ளது அத்தனையும் தவறும். வினாத்தாள் கைக்கு வந்ததும் செட் கோடை நிரப்பிவிட்டுத்தான் முதல் கேள்வியைப் படிக்க வேண்டும்.